பதிவில் இருந்த பெயர்

பிப்ரவரி 7, வெள்ளி

தண்ணீர் வரும் நாள். டிரம்மையும் குடங்களையும் நிரப்பிவிட்டுக் கல்லூரிக்குப் போய்ச் சேர ஒன்பது பத்து.

மூன்று மாதமாகக் கிடப்பில் கிடந்த மின் சேமிப்பு வேலையை இன்று முடித்துவிட்டேன். லேபில் அறுபது கம்ப்யூட்டர்கள். பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் திரையை மட்டும் அணைத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். மிஷின் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. சும்மா கிடக்கும் மிஷினைப் பதினைந்து நிமிஷத்தில் தானாக உறங்கவைக்கும் மென்பொருள் ஒன்றைக் கல்லூரி வாங்கியிருக்கிறது. பிரின்சிபால் தனசிங் சார் இந்த வாரம் மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டார். "எப்சிபா மேடம், இந்த மாசத்துக்குள்ள முடிஞ்சிருமா?"

லேப் டெக்னீஷியன் சுயம்புக்கனி மகளை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நாலு மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள். நாலரைக்கு மேல் லேபில் யாரும் இல்லை. என் இடத்தில் உட்கார்ந்தபடியே அறுபதுக்கும் ஒரே தடவையில் அனுப்பிவிட்டேன். "சோதிக்கப்பட்டது" என்ற கட்டத்தில் டிக் போட்டுப் படிவத்தைப் பையில் வைத்திருக்கிறேன். திங்களன்று கொடுக்க வேண்டும்.

வரும் வழியில் சாளை வாங்கினேன். நல்ல மீன். மகள் கெர்சியா முள் என்று தொடவில்லை. பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு இன்னும் முள் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

லேபில் மூன்றாம் வருஷத்துக்கு ஸ்பெஷல் கிளாஸ். சுயம்புக்கனி பார்த்துக்கொண்டாள். எனக்கு விடுமுறை. திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

சுயம்புக்கனி லேப் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "மேடம், பாதி மிஷின் எந்திரிக்கவே மாட்டேங்கு. விண்டோஸ் குடுத்தா கருப்பாவே நிக்கி."

பாதி இல்லை, இருபத்துமூன்று. எங்கள் மிஷின்களில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உண்டு. பொத்தானை அழுத்தியதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறோம். மாணவிகளின் கோப்புகள் அதில்தான் இருக்கும். இன்று இருபது மிஷினில், விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் கருந்திரை. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் பொதுப் பகுதியைத் திறக்க முடியவில்லை என்று பாதியில் நின்றுவிடுகிறது. மீதி மூன்றில் விண்டோஸ் வந்தது, வெள்ளிக்கிழமை மாலை விட்ட இடத்திலேயே. யாரோ திறந்து வைத்த பக்கம்கூட அப்படியே இருந்தது. ஆனால் சனிக்கிழமை சேமித்த கோப்பு ஒன்றும் அவற்றில் இல்லை.

இசக்கியம்மாள் பதினேழாம் மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்றாம் வருஷம். அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். அங்கே பெண்கள் எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்கிறார்கள் என்று போனிலேயே குறித்துக்கொள்ள ஒரு செயலி எழுதியிருக்கிறாள், அதுதான் பிராஜெக்ட்.

"நாலு மாச வேல மேடம். எல்லாம் இதுலதான் இருக்கு."

"வேற எங்கயும் காப்பி வைக்கலையா?"

"பென் டிரைவ் உள்ள கொண்டுவரக் கூடாதுன்னு நீங்கதான மேடம் போர்டுல எழுதிப் போட்டிருக்கீங்க."

பிராக்டிகல் பரீட்சை இருபத்துநாலாம் தேதி. இன்னும் பதினான்கு நாள்.

பிரின்சிபால் வந்து பார்த்தார். "வைரஸா மேடம்?" என்றார். பார்க்கிறேன் சார் என்றேன். போகும்போது, "அந்தக் கரண்ட் சேமிப்பு வேல என்னாச்சு?" என்று கேட்டார். முதலில் இந்தப் பிரச்சினை முடியட்டும் சார், அப்புறம் அதைப் பார்க்கலாம் என்றேன்.

படிவம் பையிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

இருபத்துமூன்று மட்டும் ஏன்? மாணவிகள் கையெழுத்துப் போடும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு மிஷின் மிஷினாகப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்தவை அந்த இருபத்துமூன்றும். மற்ற முப்பத்தேழும் லினக்ஸில் இருந்தன.

காரணம் புரிந்துவிட்டது. உறங்கும்போது விண்டோஸ் தன் ஞாபகத்தில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதிவைத்துவிட்டு மின்சாரத்தை நிறுத்திக்கொள்கிறது. விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக எண்ணம். சனிக்கிழமை பிள்ளைகள் அதே மிஷின்களில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்து வேலை செய்து பொதுப் பகுதியில் சேமித்திருக்கிறார்கள். திங்களன்று விண்டோஸ் விழித்தால், தன் ஞாபகத்தில் இருப்பது ஒன்று, டிஸ்க்கில் இருப்பது வேறொன்று. இருபது மிஷின் திகைத்து நின்றுவிட்டது. மூன்று மிஷின் தன் பழைய ஞாபகமே சரியென்று புதிய கோப்புகளின் மேல் எழுதிவிட்டது.

திகைத்து நிற்கும் இருபதில் கோப்புகள் இன்னும் இருக்கின்றன. யாரும் விண்டோஸை மறுபடி எழுப்பாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருபதிலும் மின்கம்பியை உருவிவிட்டேன்.

மென்பொருள் கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசிய பையன், "ரெண்டு சிஸ்டம் இருக்கிற மிஷின்னா மொதல்ல ஒண்ணுல போட்டு டெஸ்ட் பண்ணணும் மேடம். கைடுல எட்டாம் பக்கத்துல இருக்கு. பண்ணீங்களா?" என்றான். லைன் சரியில்லை. வைத்துவிட்டேன்.

சாயங்காலம் நன்றாக இருக்கும் முப்பத்தேழு மிஷினிலும் ஒரு சிறு வேலை இருந்தது. முடித்தேன். இனி அவற்றில் அந்த மென்பொருள் இல்லை.

சரிசெய்யும் வழியை முதலில் கண்டுபிடித்துவிட வேண்டும். அதன்பிறகு சொல்வது சுலபம்.

பிப்ரவரி 12, புதன்

பிரின்சிபால் அறைக்கு அழைத்தார். "வெள்ளிக்கிழமை கடைசியா லேப் மிஷின்களுக்குள்ள யாரு போயிருக்கான்னு உங்களால பாக்க முடியுமா?"

முடியும் சார் என்றேன். பதிவை அச்செடுத்துக் கொடுத்தேன். மாலை 4.36, அறுபது மிஷினும், உள்ளே நுழைந்த பெயர் சுயம்புக்கனி. முதல் பக்கத்தில் பெயரும் நேரமும் மட்டும்தான் வரும். என்ன ஏற்றப்பட்டது என்பது அடுத்த பக்கம். அவர் அடுத்த பக்கத்தைக் கேட்கவில்லை.

"எட்டு வருஷமா இருக்கா. மார்ச்சுல நிரந்தர ஆர்டர் போட இருந்தோமே," என்றார். "ஏதோ பென் டிரைவக் கொண்டுவந்து மாட்டியிருக்கா."

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. பதிவில் இருந்ததைத்தான் கொடுத்தேன்.

மதியத்திலிருந்து சுயம்புக்கனி லேபுக்குள் வரக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் என்னைப் பார்த்து, "வைரஸ் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்லா மேடம்?" என்றாள். பார்ப்போம் என்றேன்.

மிக்சி ஜார் கசிகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

திங்கட்கிழமை வெளியிலிருந்து ஆட்கள் வந்து எல்லா மிஷினையும் துடைத்து, புதிதாக ஏற்றித் தரப்போகிறார்கள். அதுவரை லேப் பூட்டு. "பரீட்ச நடந்தாகணும் மேடம். கோப்பு போனா போகுது," என்றார் பிரின்சிபால்.

ஆறு மணிக்கு சுயம்புக்கனி வீட்டுக்கு வந்தாள். கல்லூரிக்கு வெளியே அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். டீ போட்டுக் கொடுத்தேன்.

"அக்கா, நாலு முப்பத்தாறுக்கு நான் உள்ள போனேன்னு சொல்லுதாங்க. அப்ப நான் பஸ்ல நின்னுக்கிட்டிருக்கேன். பிள்ள தோள்ல தூங்குது. டாக்டர் சீட்டுலகூட டைம் போட்டிருக்கும்."

"சார்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். எங்க இருந்து வேணும்னாலும் உள்ள போகலாமேங்காரு. என் பாஸ்வேர்டு எனக்குத்தான தெரியும்னு கேக்காரு." டம்ளரைக் கையில் உருட்டினாள். "நான் என்ன பதில் சொல்லட்டும்க்கா?"

போன வருஷம் அவள் பிரசவ விடுப்பில் போனபோது லேப் வேலை தடைபடக் கூடாதென்று அந்தப் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்திருந்தாள்.

நான் விசாரித்துப் பார்க்கிறேன் என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "பிள்ள தேடும்," என்று எழுந்தாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

தலைவலி. விடுப்பு எடுத்தேன்.

பிப்ரவரி 15, சனி

அலுவலகத்தில் சாவி வாங்கி லேபைத் திறந்து தனியாக உட்கார்ந்தேன். நாற்பத்தொன்றாம் மிஷின். அதில் இருக்கும் எந்த அமைப்பையும் எழுப்பாமல், பென் டிரைவில் தனியாகக் கொண்டுபோன லினக்ஸ் மூலம் தொடங்கினேன். முதலில் டிஸ்க் முழுவதையும் ஒரு நகல். பிறகு விண்டோஸ் உறங்கும்போது எழுதிவைத்த அந்த ஞாபகக் கோப்பை மட்டும் நீக்கினேன். பொதுப் பகுதியைச் சரிபார்க்கச் சொல்லி விட்டுக் காத்திருந்தேன். ஃபேன் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம். சனிக்கிழமை சேமித்த கோப்புகள் அத்தனையும் வந்துவிட்டன. விண்டோஸும் புதிதாகப் பிறந்தது போல எழுந்தது. மென்பொருளை நீக்கினேன். மறுபடி அணைத்து, பட்டியலில் லினக்ஸ், மறுபடி விண்டோஸ், மறுபடி லினக்ஸ். ஐந்து முறை பார்த்தேன். தடங்கல் இல்லை.

மீதி பத்தொன்பது. ஒரு ஆள் செய்தால் நாலு நாள். திங்கட்கிழமை காலை ஆட்கள் வந்துவிடுவார்கள்.

நிறுத்தச் சொல்ல வேண்டுமானால் இது வைரஸ் இல்லை என்று சொல்ல வேண்டும். வைரஸ் இல்லை என்றால் என்ன என்று கேட்பார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை. திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போகவில்லை. முழங்கால் வலி.

பிப்ரவரி 17, திங்கள்

ஒன்பதரைக்கு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். முதல் மிஷினிலிருந்து வரிசையாகத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். நல்ல மிஷின், கெட்ட மிஷின் என்று பார்க்கவில்லை; நல்ல மிஷின்களின் கோப்புகளுக்கு மட்டும் முன்பே நகல் எடுத்து வைத்திருந்தோம். நான் கதவுக்குப் பக்கத்தில் கையெழுத்து நோட்டை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் எண் போனது. எட்டு போனது. டீ குடித்துவிட்டு வந்தார்கள். பதினொன்று போனது. இந்த மூன்றும் அந்த இருபதில் சேர்ந்தவை.

பதினொன்றரைக்கு இசக்கியம்மாள் வராந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வகுப்புக்குப் போகச் சொன்னேன். "பதினேழுக்கு வந்துட்டாங்களா மேடம்?" என்றாள். இல்லை என்றேன். "எங்க அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க மேடம், என்னைக்கு போன்ல ஏத்தித் தருவன்னு."

அவர்களில் ஒருவர் பதினாறை முடித்துவிட்டு நாற்காலியைப் பதினேழுக்கு இழுத்தார். நான் போய் மின்கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மேடம்?"

"இதத் தொடாதீங்க. இதுல கோப்பு இருக்கு."

"வைரஸ்னுதான சொன்னாங்க?"

"வைரஸ் இல்ல. நான் சார்கிட்டப் பேசிட்டு வாரேன். அதுவர யாரும் எதையும் தொடக் கூடாது." குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

பிரின்சிபாலிடம் நின்றுகொண்டே சொன்னேன். மின் சேமிப்பு மென்பொருளை வெள்ளிக்கிழமை நானே ஏற்றிவிட்டேன், சோதித்துப் பார்க்கவில்லை, அதுதான் காரணம், கோப்புகளை மீட்கலாம், நாற்பத்தொன்றில் மீட்டும் பார்த்துவிட்டேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்புறம் பாக்கலாம்னு சொன்னீங்களே மேடம்?"

"ஆமா சார்."

"பதிவுல அந்தப் பிள்ள பேரு எப்படி வந்துச்சு?"

"அதுல ஏதோ குழப்பம் சார்," என்றேன்.

சொல்லிவிட்டேன். முக்கியமானதைச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சுயம்புக்கனியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நாங்கள் இருவரும் எட்டரை மணிக்கே தொடங்கினோம். நான் பதினேழு, அவள் இருபத்திரண்டு. வேலையைப் பற்றி மட்டும் பேசினாள். "நகல் முடிஞ்சிட்டு." "அடுத்தது போடவா மேடம்?" நான் சொல்லிக் கொடுத்ததை ஒரு முறை பார்த்தே பிடித்துக்கொண்டாள். மதியத்துக்குமேல் என்னைவிட வேகமாகச் செய்தாள்.

பதினேழில் சரிபார்ப்பு எண்பது சதவீதத்தில் நின்றுவிட்டது. இருபது நிமிஷம் அசையவில்லை. அணைத்துவிடலாமா என்று கை பொத்தானுக்குப் போனது. சுயம்புக்கனி எட்டிப் பார்த்து, "டிஸ்க் சத்தம் வருது மேடம். ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. விடுங்க," என்றாள். காதை வைத்துக் கேட்டேன். மெல்லிசாகக் கேட்டது. கால் மணி கழித்து எண்பத்தொன்று ஆனது.

இசக்கியம்மாளின் கோப்பு வந்துவிட்டது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினோம். திறந்து, கடைசி வரி வரை இறங்கிப் பார்த்து, சுயம்புக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தேங்க்ஸ்க்கா, தேங்க்ஸ்க்கா," என்றாள். நான் அடுத்த மிஷினுக்குப் போனேன்.

மூன்று, எட்டு, பதினொன்றாம் மிஷின்களின் மாணவிகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்திக்கு வீட்டில் பழைய நகல் இருக்கிறது. மற்ற இருவருக்கும் இல்லை. பரீட்சைக்கு முன் இருக்கும் ஆறு நாளில் மறுபடி எழுதப்போகிறார்கள்.

பிப்ரவரி 19, புதன்

இருபதில், துடைத்துவிட்ட மூன்று போக மீதிப் பதினேழு மிஷினும் முடிந்தது. மாலை பிரின்சிபால் கூப்பிட்டார்.

"எழுத்துல ஒரு விளக்கம் குடுத்துருங்க மேடம். மென்பொருள் கோளாறுன்னு எழுதுங்க. யார் பேரும் வேண்டாம். உங்களுக்கு இருபது வருஷ சர்வீஸ். இத இதோட முடிச்சிருவோம்."

"சுயம்புக்கனி ஆர்டர் சார்?"

"அந்தப் பதிவு அப்படியே இருக்குல்லா? யாரு என்னன்னு தெரியாம கமிட்டி கையெழுத்துப் போட மாட்டாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நடந்து வந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கணவர் ரூபன் காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சப்பாத்தியை மடித்து டப்பாவில் வைத்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எழுதாம விட்டா என்ன ஆகும்?"

"அவளுக்கு ஆர்டர் வராது."

"எழுதுனா?"

"எனக்கு லேப் போயிரும். அதுக்கு மேலயும் ஏதாச்சும் வரலாம்."

ஷூ கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "நீ எங்கிட்ட கேக்கல எப்சி. முடிவு பண்ணிட்டுச் சொல்லிக்கிட்டிருக்க."

அப்படித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்ன பிறகு அப்படித்தான் என்று ஆகிவிட்டது.

இந்த நோட்டில் பதினைந்து நாளாக நான் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு இடத்திலும் அதை எழுதவில்லை. கல்லூரிக்குப் போய் எழுதிக் கொடுத்ததை இங்கேயும் எழுதுகிறேன்:

"பிப்ரவரி 7 மாலை 4.36 மணிக்கு, லேப் டெக்னீஷியன் சுயம்புக்கனியின் பெயரையும் பாஸ்வேர்டையும் பயன்படுத்தி, அவருக்குத் தெரியாமல், அறுபது கம்ப்யூட்டர்களிலும் மென்பொருளை ஏற்றியவள் நான். அதைச் சோதிக்கவில்லை. 10ஆம் தேதி அதை ஏற்றவே இல்லை என்பது போலப் பேசினேன். 12ஆம் தேதி அவர் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தேன். கோப்புகளை மீட்க முடியும் என்று 15ஆம் தேதியே எனக்குத் தெரியும். நான் பேசாததால் மூன்று மாணவிகளின் கோப்புகள் அழிந்தன. சுயம்புக்கனிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை."

பிரின்சிபால் இரண்டு முறை படித்தார். "இது ஃபைலுக்குப் போயிரும் மேடம். திருப்பி எடுக்க முடியாது."

"தெரியும் சார்."

"நான் குடுத்த வழி உங்களுக்கு வேண்டாமா?"

கையெழுத்துக்குக் கீழே தேதி போடவில்லை என்று காட்டினார். போட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

மெமோ வந்துவிட்டது. லேப் பொறுப்பு நீக்கம், விசாரணை முடியும்வரை பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்யும் பிரிவு. சாவிகளைச் சுயம்புக்கனியிடம் கொடுக்கச் சொன்னார்கள். அவள் இல்லாத நேரம் பார்த்து மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

பரீட்சை. நான் இப்போது உட்காரும் அறை லேபுக்கு நேர் கீழே. பத்து மணிக்கு மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம். பிறகு அமைதி. ஏதாவது நடந்தால் யாராவது படியில் ஓடிவருவார்கள் என்று காது அங்கேயே இருந்தது. பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. யாரும் ஓடிவரவில்லை. 1994ஆம் வருஷத்து வருகைப் பதிவேட்டை நூற்று நாற்பது பக்கம் ஸ்கேன் செய்தேன்.

ஒன்றேகாலுக்கு சுயம்புக்கனி வந்தாள். பொறுப்பு மாற்றப் பட்டியலில் என் கையெழுத்து வேண்டியிருந்தது. போட்டுக் கொடுத்தேன்.

"எல்லா மிஷினும் எந்திரிச்சிதா?"

"எந்திரிச்சிது."

"கோப்பு போன ரெண்டு பேரு?"

"ஒருத்தி முக்காவாசி முடிச்சிட்டா. இன்னொருத்தி பாதிதான் காட்டுனா. மார்க்கு கொறையும்." பட்டியலை மடித்தாள். ஆனால் போகவில்லை. "நீங்க எழுதிக் குடுத்தத சார் எனக்குப் படிக்கக் குடுத்தாரு."

நான் ஸ்கேனர் மூடியைப் பிடித்தபடி இருந்தேன்.

"என் பேர்ல எதுக்குப் போனீங்க?"

"என் பாஸ்வேர்டு காலாவதி ஆயிருந்துச்சு. புதுசு போடணும்னா பத்து நிமிஷம் ஆகும். அஞ்சு மணி பஸ்ஸப் பிடிக்கணும்னு..."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் கனி."

எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுக்கு வந்தன்னைக்கே எனக்குத் தெரியும், நீங்கதான்னு. டீ குடிக்கையிலேயே தெரிஞ்சிட்டு. ஆனா நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்னுதான் தெரியல. எட்டு வருஷத்துல எங்க மரியாத கொறச்சலா பேசுனேன், என்னைக்கு உங்கள விட்டுட்டுச் சார்கிட்ட நேரா போனேன்னு ஒவ்வொரு நாளா எடுத்து யோசிச்சிக்கிட்டே கெடந்தேன். எம் புருஷன்கிட்டகூட, நான்தான் ஏதோ தப்பு பண்ணியிருக்கணும், இல்லன்னா அவங்க அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு சொன்னேன்."

"நீ ஒண்ணும் பண்ணல கனி."

"பஸ்ஸப் பிடிக்கவா," என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. எழுந்து, புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மதிய பேட்ச் வந்துவிடும் என்று மேலே போனாள்.

நான் அடுத்த பதிவேட்டை எடுத்தேன். ஐந்து மணி பஸ்ஸில் அவள் முன்பக்கம் நின்றாள், நான் பின்பக்கம். என் நிறுத்தம் வந்ததும் இறங்கிவிட்டேன்.